நீலப் பெட்டியின் மேல் ஒரு விரல்

பக்கத்து வீட்டு விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. பார்ப்பேன், கேட்பேன், நாலு பேரிடம் சொல்வேன். அவ்வளவுதான். இதற்குப் பெயர்தான் தலையிடுவது என்று சொல்கிறவர்கள் இந்தத் தெருவில் உண்டு. அவர்கள் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும் என்பதால் யாரும் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுக்காரியை நாங்கள் லென்ஸ் என்றுதான் அழைப்போம். கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவாள். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசு. சில வருஷங்களுக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் அளவுதான் தெரியாது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள்.

அவளிடம் ஒரு ரகசியம் சொல்லிப் பாருங்கள். "யாரு, மாடி வீட்டு மாமாவா? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கேட்பாள். மாடி வீட்டு மாமா அப்போது மாடியிலேதான் நின்றுகொண்டிருப்பார். இன்னொரு தொல்லையும் உண்டு. என் வீட்டு கேட்டில் நின்று நான் யாரிடமாவது அவளைப் பற்றி முணுமுணுத்தால், ஜன்னலுக்குள்ளிருந்தே என் வாயைப் படித்துவிடுவாள். அதனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசப் பழகினேன். மறுநாள், "பல்வலியா அக்கா?" என்று கேட்டாள். கேட்டது அக்கறையிலா குத்தலாகவா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா நர்ஸ். வாசலில் ஆள் வந்தாலும், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அக்காதான் தோளைத் தொட்டுச் சொல்வாள். அந்த அக்காவுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகலாமா வேண்டாமா என்று அவள் தவித்த தவிப்பை நான் சுவர் வழியாகக் கேட்டேன். கடைசியில் லென்ஸ்தான் பெட்டியைக் கட்டி அனுப்பிவைத்தாள். "நீ போ. எனக்குக் காதுதான் போச்சு, கால் கை எல்லாம் இருக்கு."

அக்கா போன கொஞ்ச நாளில் அந்த விபரீதம் நடந்தது. இவர்களுக்கு ஒரு அண்ணன். லாரி ஆபீஸில் மேனேஜர். நல்ல மனுஷர்தான். ஆனால் தங்கையிடம் பேச வேண்டியதைப் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவார். "சாப்பிட்டாளா கேளுங்க" என்பார். அவள் எதிரிலேயே நிற்பாள். அவர் ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். பெல் அடித்தார். போன் அடித்தார். மெசேஜ் போட்டார். பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். அவருக்கு என்னென்ன தோன்றியதோ, ஜன்னல் கண்ணாடியை வெறுங்கையால் உடைத்தார். உள்ளே போய்ப் பார்த்தால், போனைப் படுக்கையறையில் போட்டுவிட்டு, கொல்லைப்புறக் குழாயடியில் லென்ஸ் நிம்மதியாகத் துணி அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் முதலில் கண்டது அண்ணன் கையிலிருந்து சொட்டுகிற ரத்தத்தை. கடைக்குப் போயிருந்த நான் அப்போதுதான் திரும்பினேன்; நான்தான் துண்டைச் சுற்றிவிட்டேன். அந்தப் பெரிய மனுஷர் விசும்பி விசும்பி அழுதார். அதைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரைத் தவிர.

கையில் தையல் பிரித்ததும் வந்து தீர்ப்புச் சொன்னார். வழக்கம்போல என்னைப் பார்த்து.

"எங்க வீட்டுக்கு வந்துடச் சொல்லுங்க. மாடி ரூம் காலியா இருக்கு. அண்ணி பாத்துக்குவா."

"என்னைப் பாத்துச் சொல்லு" என்றாள் லென்ஸ். "நான் வரலை. என் கடை இங்க இருக்கு, என் வீடு இங்க இருக்கு. உன் மாடி ரூம்ல உக்காந்து, யாராவது படியேறி வந்து தோளைத் தொடுவாங்களான்னு பாத்துட்டே இருக்கணுமா?"

"அப்போ கதவை யாரு திறப்பா?"

"நான்தான்."

"எப்படி?"

"அதை நான் பாத்துக்கறேன். டைம் குடு."

சாவி ஒன்றை அண்ணனிடம் கொடுத்தால் தீர்ந்தது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தனியாக இருக்கிற பெண் உள்ளே தாழ்ப்பாள் போடாமல் இருப்பாளா? தாழ்ப்பாளைச் சாவி என்ன செய்யும்?

கடைசியில் இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். அவர் என்றைக்காவது சொல்லாமல் கொள்ளாமல் வருவார். பெல் அடிப்பார். அவள் திறந்தால், இனி அந்தப் பேச்சே எடுக்கமாட்டார். திறக்காவிட்டால், அவள் மறுபேச்சு இல்லாமல் பெட்டி கட்ட வேண்டும்.

பெல் அடித்தால் விளக்கு எரிகிற சாமான் கடையிலேயே கிடைக்குமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். "அது ஒரு ரூம்லதான் எரியும் அக்கா. எனக்கு அடுப்படியில, பாத்ரூம்ல, கொல்லையில எல்லாம் தெரியணும். தொட்டி நிரம்பினாலும் தெரியணும்" என்றாள். போனில் எழுத்து ஓடுகிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். பார்சல் பார்சலாக வந்தது. பார்சல்காரன் பெல் அடித்து, அவள் திறக்காமல், எல்லாவற்றையும் நான்தான் வாங்கி வைத்தேன். பிரிக்காமலே அசைத்துப் பார்த்ததில் உள்ளே என்ன என்று தெரியவில்லை. ஆகவே பின்கட்டு வழியாகப் போய் நேரிலேயே பார்த்தேன். எங்கள் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் சுவர் கிடையாது, கொடிக்கயிறு மட்டும்தான்.

உள்ளங்கை அளவில் ஒரு பலகை. அதன் மேல் வரிசையாக நாலு நீலப் பெட்டிகள், ஒவ்வொன்றும் கொழுக்மொழுக் என்று கட்டைவிரல் நுனி பருமனில். பெயர் ரிலே. அவள் விளக்கியது எனக்குப் புரிந்த மட்டில் இதுதான்: மூளையாக இருக்கிற இன்னொரு குட்டிப் பலகையால் ஒரு பல்பைக்கூட எரிக்க முடியாது, அவ்வளவு நோஞ்சான். அதனால் அது ரிலேயைப் பார்த்து ஒரு கண்ஜாடை காட்டும். ரிலே உடனே உள்ளே 'டக்' என்று ஒரு தகட்டைத் தட்டி, வீட்டுக் கரண்டைத் திறந்துவிடும். ஜாடை காட்டியவர் கையில் கறை படாது. எங்கள் மாமியார் இருந்தவரை எங்கள் வீடும் இப்படித்தான் நடந்தது. அவர் புருவத்தைத் தூக்குவார், நான் டக்கென்று எழுந்திருப்பேன்.

"இது தட்டுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

என் விரலைப் பிடித்து நீலப் பெட்டியின் தலையில் வைத்து, ஒரு பொத்தானை அமுக்கினாள். முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கொத்தினதுபோல் விரலடியில் ஒரு சிறு இடி. "இப்படித்தான்" என்றாள். "ஜாடை வந்தா பக்கத்துல இந்தச் சிவப்புப் பொட்டு லைட்டும் எரியும்."

முதல் வாரத்தில் தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அவள் வீட்டு விளக்குகள் ஒரே நேரத்தில் பளீரென்று எரியும். அவள் ஓடிவந்து கதவைத் திறப்பாள். வாசலில் ஈ காக்கை இருக்காது. கரண்ட்டுக்கே கதவைத் திறந்து வரவேற்கிறாள் என்று மாடி வீட்டு மாமா சொன்னார். தன் விஷயத்தைத் தெருவுக்கு அறிவித்தவள்மேல் அவருக்குக் கடுப்பு இருக்காதா? விஷயம் என்னவென்றால், அந்த ரிலேப் பலகை தலைகீழ்ப் பிறவி. மற்றதெல்லாம் சிக்னல் கொடுத்தால் எரியும். இதுவோ சிக்னலை எடுத்தால்தான் எரியும். மூளைப் பலகை கண்விழித்து நிதானத்துக்கு வருகிற அந்த நொடியில், எல்லா ரிலேயும் தனக்குத்தான் உத்தரவு என்று எழுந்துவிடும். ஒரு ராத்திரி உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள்.

அடுத்தது வேறொன்று. நாலு ரிலேயும் சேர்ந்து தட்டினால் மூளைப் பலகைக்குக் கரண்ட் பற்றாமல் மயக்கம் போட்டது. அதற்கும் ஒரு வழி கண்டாள். பலகையிலிருந்து ஒரு குட்டித் தொப்பி போன்றதைப் பிடுங்கிவிட்டு, ரிலேக்களுக்கென்று தனியாக ஒரு சார்ஜர் போட்டாள். மூளைக்கு ஒரு சார்ஜர், கைகளுக்கு ஒரு சார்ஜர். தனிக்குடித்தனம் வைத்துவிட்டாள் என்றேன். சிரித்தாள். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கி, ஹால் சுவரில் மாட்டினாள். லென்ஸ் தேய்க்கிற கை அல்லவா, ஒயரெல்லாம் தலைவாரிப் பின்னியதுபோல் இருந்தது. பெல்லை நானே அடித்துப் பார்த்தேன். ஹாலில், அடுப்படியில், பாத்ரூமில், கொல்லையில், நாலு விளக்கும் கண்சிமிட்டின. அவள் வந்து கதவைத் திறந்து, "வாங்க அக்கா, என்ன விஷயம்?" என்றாள். வாசல் வழியாக அவள் வீட்டுக்குள் போனது எனக்கே புதுசாக இருந்தது.

அண்ணன் வரவில்லை. ஒவ்வொரு விடுமுறை நாளும் அவள் தலைவாரி, வீட்டைப் பெருக்கி, எதையாவது செய்துகொண்டே விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் காத்திருந்தது போக, நானும் காத்திருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லையா என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். இல்லைதான்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார், போலீஸ் பிடிக்க வருகிற மாதிரி. நான் வாசலில்தான் இருந்தேன். வணக்கம்கூடச் சொல்லாமல் நேராகப் போய் பெல்லை அமுக்கினார். நான் அவள் வீட்டு ஹால் ஜன்னலைப் பார்த்தேன்.

விளக்கு எரியவில்லை.

மறுபடி அமுக்கினார். இருட்டாகவே இருந்தது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். அதில் ஜெயித்த களை இல்லை. ஜன்னல் உடைத்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

பின்கட்டு வழியாக ஓடினேன். வயசுக்குத் தகாத ஓட்டம். லென்ஸ் அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி, வாசலைக் காட்டி, "அண்ணன்!" என்றேன். அவள் துணியை எறிந்துவிட்டு ஓடினாள். தாழ்ப்பாள் திறந்தது.

"பரவாயில்லையே!" என்றார் அண்ணன். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "கொஞ்சம் லேட்டு. ஆனா திறந்துட்டே." முதல்தடவையாக அவளைப் பார்த்தே சொன்னார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

லென்ஸுக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. பிறகு அவள் தலை மெதுவாக உயர்ந்தது. ஹால் விளக்கைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகம் எதையும் ஒளித்து வைக்கத் தெரியாத முகம்.

"லைட் எரிஞ்சுதா அக்கா?"

நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

"எரியலை, இல்ல?" அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, பெல் வேலை செய்யலை. இவங்க பின்னாடி வழியா வந்து சொன்னாங்க. அதனாலதான் திறந்தேன்."

அட கிறுக்கே, என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஜாடையிலேயே கண்டித்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் பெல் பொத்தானைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ தோத்துட்டே" என்றார், மெல்ல.

"தோத்துட்டேன்."

"துணிமணியை எடுத்து வை. நான் வண்டியை எடுத்துட்டு வர்றேன்."

"எடுத்து வைக்கிறேன். அதுக்கு முன்னாடி இது ஏன் எரியலைன்னு பாக்கணும். நீ வெளியில போய் பெல்லை அமுக்கு."

"இனிமே எதுக்கு அது?"

"எரியலையே, அதுக்குத்தான். போ, அமுக்கு."

லாரி ஆபீஸில் நாற்பது டிரைவர்களை அதட்டுகிறவர், வாசலில் போய் நின்று பெல்லை அமுக்கினார். மூடிக்குள்ளே சிவப்புப் பொட்டு ஒழுங்காகச் சிமிட்டியது. அதைப் பார்த்து, "ரிலே சரியாத்தான் இருக்கு. பல்புதான் போச்சு" என்றாள். ஸ்டூல் போட்டு ஏறி வேறு பல்பு மாட்டினாள். எரியவில்லை. அடுப்படிக்கு ஓடினாள். அங்கேயும் இருட்டு. "நாலும் சேர்ந்தா போகும்?" என்று ஸ்க்ரூடிரைவரால் தலையைச் சொறிந்தாள். பல்புகளுக்குப் போகிற லைனைத் தனி ஸ்விட்சில் அணைத்துவிட்டு ஒயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாக இருந்தன.

"இன்னும் அமுக்கவா?" என்று வாசலிலிருந்து குரல். "அமுக்கணுமான்னு கேட்கிறார்" என்று நான் அவளைத் தொட்டுச் சொன்னேன்.

"அமுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

அப்புறம்தான் மூடியைக் கழற்றினாள். முதல் நீலப் பெட்டியின் தலையில் விரலை வைத்தாள். பொட்டு சிமிட்டியது. அவள் முகம் சுருங்கியது. அடுத்த பெட்டியில் வைத்தாள். அதற்கும் அடுத்ததில்.

"அடிக்கலை" என்றாள். "லைட் மட்டும் எரியுது, உள்ள தட்டவே இல்லை." சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு டக்குனு கேட்டுச்சா?"

நானும், உள்ளே எட்டிப்பார்த்த அண்ணனும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து நாலு காது.

"கேட்கலையே" என்றேன்.

"கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லமாட்டீங்களா? இவ்வளவு நேரமா பல்பைப் புடுங்கிட்டு இருக்கேன்!"

டப்பாவுக்குக் கீழே பிளக் பாயிண்ட்டைப் பார்த்தாள். இரண்டு சார்ஜர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அவள் கையால் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். படுக்கையறைக்குப் போய், போனில் செருகியிருந்த சார்ஜரைப் பிடுங்கி வந்தாள். போன் சார்ஜரின் ஒயர் பிய்ந்துபோனதால், ரிலேக்களுடையதை நடுவில் எடுத்திருக்கிறாள். மூளைக்குக் கரண்ட் இருந்தது. அது பாட்டுக்கு ஜாடை காட்டியது, பொட்டும் தன் பாட்டுக்கு எரிந்தது. எழுந்து வேலை செய்ய வேண்டியவர்கள்தான் பட்டினி.

சார்ஜரைச் செருகி, லைனைப் போட்டாள். "அமுக்கு."

டக். நாலு விளக்கும் பளிச் பளிச் என்று சிமிட்டின. அண்ணன் மறுபடி அமுக்கினார். மறுபடி. சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தார். அவள் முதுகைக் காட்டி அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். சுவரில் வெளிச்சம் விழும்போதெல்லாம், திரும்பாமலே கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். தெரியுது, தெரியுது என்று.

அப்புறம் அவள் படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டில்மேல் தூக்கிப் போட்டுத் திறந்தாள். சொன்ன வாக்கு. அலமாரியிலிருந்து நாலைந்து துணிகளை எடுத்து வைத்தாள். முகத்தில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் நிலைப்படியில் நின்றார். "நாளைக்கு வேற ஒண்ணு கெட்டுப்போனா?" என்றார். அவள் குனிந்திருந்தாள், கேட்கவில்லை. அவர் உள்ளே போய், அவள் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து மறுபடி கேட்டார். "நாளைக்கு வேற ஒண்ணு கெட்டுப்போனா என்ன பண்ணுவே?"

"கெடும் அண்ணா. கெடாதுன்னு நான் சொல்லலையே. உக்காந்து பாப்பேன்."

"நான் வெளியில நின்னுட்டு இருப்பேன்."

"நிப்பே. எனக்குத் தெரியாம ஒருநாள் நிப்பே. அது நடக்கும்." கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள். "அதுக்காக ஜன்னலை உடைக்காதே. கொஞ்ச நேரம் நில்லு. நான் வந்துடுவேன்."

அவர் தையல் தழும்பைத் தடவிக்கொண்டே ஹாலுக்கு வந்தார். டப்பாவின் முன் நின்றார். "கறுப்பு டேப் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். அது எந்த டிராயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. எடுத்துக் கொடுத்தேன்.

தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சார்ஜரைப் பிளக் பாயிண்ட்டோடு சேர்த்து டேப்பால் சுற்ற ஆரம்பித்தார். லாரியில் சரக்கு கட்டுகிற பழக்கம். குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மூலைக்கு மூலை ஒரு சுற்று. பக்கத்து ஸ்விட்சும் அதில் புதைந்தது. லென்ஸ் வந்து பார்த்தாள்.

"இப்படிச் சுத்தினா ரிப்பேர் வந்தா நான் எப்படிக் கழட்டுறது?"

"கழட்டக்கூடாதுன்னுதான் சுத்தறேன். உனக்கு வேற போன் சார்ஜர் நான் வாங்கிட்டு வர்றேன்."

"அந்த ஸ்விட்ச்? அது ஃபேனோடது."

"வேர்த்தா ஜன்னலைத் திற. அதுக்குத்தான் புதுக் கண்ணாடி போட்டுக் குடுத்தேன்."

"அறிவு இருக்கா உனக்கு? தள்ளு." பக்கத்தில் உட்கார்ந்து, நகத்தால் டேப்பைப் பிரித்து, ஸ்விட்சை மட்டும் வெளியே எடுத்தாள். அவர் மறுபடி சுற்றினார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் இப்படியே சண்டை போட்டார்கள். படுக்கையறையில் பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெயில் தாழ அவர் கிளம்பினார். "அடுத்ததடவையும் சொல்லாமத்தான் வருவேன்" என்றார், அவள் முகத்தைப் பார்த்து. "வா" என்றாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் நைஸாகக் கொல்லைப் பக்கம் நழுவினேன். பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நீங்க ஓடி வந்தது நல்ல மனசுதான். எனக்குத் தெரியும்."

"சரி சரி, விடும்மா."

"ஆனா இனிமே இந்தப் பக்கமா வராதீங்க. வாசலுக்கு வந்து பெல் அடிங்க. நீங்க பின்னாடியே வந்துட்டு இருந்தா, முன்னாடி வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கு என்னிக்குமே தெரியாது."

தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னாள். மாடி வீட்டு மாமா மாடியிலிருந்து இருமினார். நான் உள்ளே போனதும், அவள் வீட்டுப் பின்கதவில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இரண்டு நாள் ரோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கு ஒரு பெரிய பார்சல் வந்தது. பார்சல்காரன் பெல் அடித்தான், அவளே திறந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் திறந்து, சுற்றிக்கொண்டு போய், ஊர் பார்க்க அவள் வீட்டு வாசலில் நின்று பெல்லை அமுக்கினேன்.